உப்பளக் கரையில் ஓர் ஐரிஷ் கேக்

சாக்லேட் கேக்கில் உப்பு எதற்கு என்று கேட்பவர்களுக்கு உப்புப் போட்டதில் ஒரு துண்டு, போடாததில் ஒரு துண்டு என ஒரே தட்டில் வைத்துக் கொடுப்பேன். உப்பில்லாத துண்டில் கோகோவின் கைப்பு ஒருபுறமும் சர்க்கரை ஒருபுறமுமாக நிற்கும். உப்பு சேர்ந்ததில் கைப்பு அடங்கி, கோகோவின் மணம் மேலெழும்பும். உப்பில் உள்ள சோடியம் நாக்கில் கைப்பை மட்டுப்படுத்துவதால் வரும் வித்தியாசம் இது. மரக்காணத்தில் உப்பளத்தை ஒட்டி வாழ்கிற எனக்குக் கேக்கில் முதல் பொருள் உப்புதான். சாக்லேட்டை அதற்கு அப்புறம்தான் யோசிப்பேன்.

எந்த உப்பு என்பதை என் மாமியாரிடம் கற்றேன். உப்பளத்தில் பாத்தி மிதித்து, உப்பு வாரியவர் அவர். கடல்நீர் வெயிலில் வற்றி 25 டிகிரி பாமே அடர்த்தியை எட்டும்போது பாத்தியில் உப்பு விளையத் தொடங்கும். 29, 30 டிகிரியைத் தாண்டியும் நீரை வடிக்காமல் விட்டால் மெக்னீசியம் உப்புகளும் சேர்ந்து படிந்துவிடும். அந்த உப்பு கைக்கும். காற்றின் ஈரத்தை இழுத்துக் கசியும். "சித்திரை வெயில்ல வாருன உப்பா எடுத்துக்கம்மா, கையில ஒட்டக் கூடாது" என்பார் அத்தை. மார்கழியில் அளத்தில் வேலை கிடையாது. மழைக்குப் பயந்து கீற்று வேய்ந்து வைத்த அம்பாரம்தான் இருக்கும். அதனால் கிறிஸ்துமஸ் கேக்குக்கான உப்பைக் கோடையிலேயே ஜாடியில் எடுத்து வைத்துவிடுவேன். அன்றாடச் சமையலுக்கு அயோடின் கலந்த உப்பு; பண்டிகைக் கேக்குக்கு மட்டும் இது. கல்லுப்பை அப்படியே மாவில் போட்டால் மண்ணும் பல்லில் கடிபடும். வெதுவெதுப்பான பாலில் கரைத்து, மெல்லிய துணியில் வடிகட்டுகிறேன்.

இந்தக் கேக்கின் செய்முறை நாத்தனாரோடு வந்தது. அவர் அயர்லாந்தில் செவிலியர். அங்கே வீடுகளில் சாக்லேட் கேக்கில் மசித்த உருளைக்கிழங்கு சேர்ப்பார்கள். 1845இல் உருளைக்கு வந்த கருகல் நோயால் பஞ்சம் கண்டு, ஏறத்தாழ 10 லட்சம் பேரைப் பறிகொடுத்த நாடு அது. அந்தக் கிழங்கைப் பண்டிகைப் பலகாரத்திலும் சேர்த்துக்கொள்ளும் அவர்கள்மேல் எனக்கு மிகுந்த மரியாதை உண்டு. வெந்த உருளையின் மாவுச்சத்து ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். கேக் சீக்கிரம் உலராது. கிழங்கைத் தண்ணீரில் போடாமல் இட்லிப் பானையில் ஆவியில் வேகவைக்க வேண்டும். சூட்டோடு சல்லடையில் தேய்த்துவிட வேண்டும். ஆறியபின் பிசைந்தால் பசைபோல இழுக்கும், கேக் கனத்துப்போகும்.

என் அளவு இது: மைதா 150 கிராம், உப்பில்லாத வெண்ணெய் 150, சர்க்கரை 200, கோகோ 40, மசித்த உருளை 120, முட்டை 3, பேக்கிங் பவுடர் இரண்டு டீஸ்பூன், உப்பைக் கரைக்க அரை டம்ளர் பால். உப்பு 4 கிராம், தராசில் நிறுத்துத்தான். கல்லுப்பையும் தூளுப்பையும் ஒரே கரண்டியில் அளந்தால் எடை மாறிவிடும். ஐரிஷ்காரர்கள் உப்பு வெண்ணெயே போடுகிறார்கள். நம் கடை உப்பு வெண்ணெயிலும் செய்யலாம்தான், ஆனால் அப்போது உப்பின் அளவு நம் கையில் இருக்காது.

அவர்கள் ஊற்றும் இன்னொன்று, 1759இல் ஆர்தர் கின்னஸ் டப்ளினில் தொடங்கிய ஆலையின் கறுப்பு பீர். என் கேக்கில் மது சேராது. 2023 மே மாதம் இங்கே எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த விஷச்சாராயத்தைக் குடித்துப் பத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அந்தச் சாவுகளை அருகிருந்து பார்த்த ஊரில், பிள்ளைகள் தின்னும் பண்டத்தில் மதுவின் வாசனைகூட இருக்க வேண்டாம் என்பது என் முடிவு. ஆனால் அந்தக் கருகிய தானியத்தின் ஆழம் கேக்குக்கு வேண்டும். அந்த பீரின் நிறமும் கைப்பும் கறுக்க வறுத்த பார்லியிலிருந்து வருபவை என்று தெரிந்ததும், வழி வீட்டிலேயே கிடைத்தது. முளைகட்டிக் காயவைத்த கேழ்வரகை இரும்பு வாணலியில் காப்பிக்கொட்டை நிறம் வரும்வரை வறுக்கிறேன். கஞ்சி மாவுக்கு வறுப்பதைவிட நன்றாகவே கறுக்க வேண்டும். கரியும் முன் இறக்கிவிட வேண்டும். நொறுநொறுவென்று பொடித்து, இரண்டு கரண்டியைக் கொதிநீரில் போட்டு வடித்தால் கறுத்த டிகாக்ஷன் கிடைக்கும். அதில் அரை டம்ளரைச் சூட்டோடு கோகோவில் ஊற்றிக் குழைக்கும்போது எழும் மணத்துக்காகவே இந்த வேலை முழுவதையும் திரும்பத் திரும்பச் செய்யலாம்.

170 டிகிரியில் முக்கால் மணி நேரம். நடுவில் குத்திய குச்சியில் ஈரத் துணுக்கு ஒன்றிரண்டு ஒட்டும்போதே எடுத்துவிடுவேன், ஏனென்றால் அதன்பிறகும் உள்சூட்டில் வேகும்.

மேலே சாக்லேட் பூசச் சொல்லி வீட்டுப் பிள்ளைகள் கேட்பார்கள். கடற்கரையில் மழைக்காலத்தில் அது பெரும்பாடு. கோகோ வெண்ணெய் 34 டிகிரி வாக்கில் உருகிவிடும். உருக்கிய கறுப்புச் சாக்லேட்டைக் குளிரவைத்து, மறுபடி 31, 32 டிகிரிக்குக் கொண்டுவந்தால்தான் பளபளப்பாக இறுகும். ஈரக்காற்று பட்டால் சர்க்கரை கரைந்து, காய்ந்தபின் மேலே வெள்ளை பூத்துவிடும். பூச்சுமேல் உப்புத் தூவினாலோ கொஞ்ச நேரத்திலேயே துளித்துளியாக நீர் கோத்து நிற்கும். படங்களில் அழகாகத் தெரியும் அந்த உப்புத் தூவல் எங்கள் ஊர்க் காற்றுக்கு ஆகாது. உப்பு உள்ளேதான் இருக்க வேண்டும்.

பூச்சில்லாததால் கேக்கைத் தைரியமாகப் பயணத்துக்கு எடுத்துப் போகலாம். கிறிஸ்துமஸுக்கு மறுநாள் நாத்தனார் குடும்பத்தோடு ஆலம்பரைக் கோட்டைக்குப் போவோம். பிரெஞ்சுக்காரர் வசமிருந்து 1760இல் ஆங்கிலேயர் கைப்பற்றி இடித்த கோட்டை. அந்த ஆண்டு வந்தவாசிப் போரில் வென்ற ஆங்கிலத் தளபதி அயர் கூட் அயர்லாந்தின் லிமரிக் பகுதிக்காரர். தோற்ற பிரெஞ்சுத் தளபதி லாலியின் தந்தையும் ஐரிஷ்காரர். இடிந்த மதிலோரம் உட்கார்ந்து நாத்தனார் இதைச் சொல்லச் சொல்ல, பிள்ளைகள் டப்பாவைத் திறந்துவிடுவார்கள்.

மிஞ்சும் துண்டுகளை அடுத்த நாள் தோசைக்கல்லில் துளி வெண்ணெய் விட்டு இருபுறமும் வாட்டுகிறேன். ஓரம் மொறுமொறுக்கும், உள்ளே உருளையின் ஈரம் அப்படியே இருக்கும். சுடச்சுடத் தின்றுவிடுவதால் உப்புக் கசிய நேரமிருக்காது. இதற்கு மட்டும் மேலே நான்கைந்து மணி உப்பைத் தூவுவேன்.