உயிர்வேலி

தமிழ்நாட்டுச் சிற்றூர்களில் கிளுவையும் நொச்சியும் தோட்டங்களைச் சூழ்ந்து நிற்கும். செடிகளாலேயே அமைவதால் அதனை உயிர்வேலி என்பர். மும்பைக்குப் பணிமாறுதல் பெற்று வந்தபின், செம்பூரில் என் மாணவர்களோடு சேர்ந்து செம்பருத்தியால் அத்தகைய வேலி ஒன்றை அமைத்தேன்.

ஜூன் மாதத்தில் பருவமழை தொடங்கியதும் கன்றுகளை நட்டோம். தேங்கும் நீர் வேரை அழுகச் செய்யும் என்பதால் வடிகாலும் வெட்டினோம். மழையில் இலைகள் செழித்தன. ஆயினும், இலை பசுமையாக இருப்பதாலேயே செடி வேரூன்றிவிட்டது என எண்ணலாகாது. மழை ஓய்ந்தபின், அடுத்த ஜூன் வரை நீளும் வறட்சியே இளஞ்செடிக்கு உண்மையான சோதனை.

நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் வேர் மேல்மண்ணிலேயே படரும். வாரம் இருமுறை ஆழமாக நனையுமாறு ஊற்றினால், வேர் கீழ்நோக்கி இறங்கும். அடியில் சருகு பரப்பினால் ஈரம் நிலைக்கும்.

“வளரும் நுனியை ஏன் கிள்ளுகிறோம், ஐயா?” என்று ஒரு மாணவி வினவினாள். நுனியைக் கிள்ளினால் பக்கக் கிளைகள் தோன்றும். அடிப்பகுதி அடர்ந்தால்தான் அது வேலியாகும்.

நடுவதினும் பேணுவதே அரிது. தாராவிக்கு அருகே உள்ள மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா முன்பு குப்பைமேடாக இருந்த நிலம். அங்கு 1983ஆம் ஆண்டில் பறவையியல் அறிஞர் சாலிம் அலி முதல் மரக்கன்றை நட்டார். 1994ஆம் ஆண்டில்தான் பூங்கா மக்களுக்குத் திறக்கப்பட்டது.

கோடை விடுமுறையில் மாணவர் பலர் நெல்லைக்கும் சேலத்துக்கும் தொடர்வண்டி ஏறுவர். செடி நீருக்கு மிகவும் ஏங்குவதும் அப்போதுதான். எனவே, ஊருக்குச் செல்லாதோர் முறைவைத்து நீர் ஊற்ற முன்வந்தனர். அவர்களுடைய பெயர்ப்பட்டியலைக் குழாயடியில் ஒட்டினோம். ஈராண்டு இவ்வாறு பேணினால், பின்னர் வேர் தனக்கு வேண்டிய நீரைத் தானே தேடிக்கொள்ளும்.