கைப்பிறேக்கை நம்பலாமா?

யாழ்ப்பாணத்திற் கார் வைத்திருப்போர்க்குக் கைப்பிறேக்கின் அருமை எளிதிற் புலப்படுவதில்லை. தரை சமமானது, நிறுத்திய இடத்திலே கார் நிற்கும். சிறிது சரிவு கண்டாற் சில்லின் கீழ் ஒரு கல்லை வைத்துவிட்டுப் போவார்கள். இங்ஙனம் ஆண்டுக்கணக்காகத் தொடப்படாத கைப்பிறேக்கு, கடற்காற்றின் ஈரத்தில் துருவேறி, இழுத்தால் இறுகாமலும் இறுகினால் விடாமலும் போவது இயல்பே.

எம்மிடமுள்ள மொறிஸ் மைனர் 1959ஆம் ஆண்டுக்குரியது. அதன் கால்பிறேக்கு நான்கு சில்லுகளுக்கும் ஒரே எண்ணெய்த் தொடரால் இயங்குவது. இக்காலக் கார்களிற்போல இரண்டு தொடர்கள் அதற்கில்லை. ஒரு குழாய் வெடித்தால் நான்கு சில்லுகளும் ஒருங்கே கைவிட்டுவிடும். கைப்பிறேக்கோ அந்த எண்ணெயை நம்பியதன்று. முன்னாசனங்களின் நடுவேயுள்ள பிடியிலிருந்து இரண்டு கம்பிவடங்கள் பின்சில்லுகளுக்குச் செல்கின்றன. ஆகவே, காரை நிறுத்திவைப்பதற்கு மட்டுமன்றி, கால்பிறேக்குப் பொய்த்த வேளையில் எஞ்சும் துணையும் அதுவே.

சென்ற சித்திரை விடுமுறையில் நுவரெலியாவுக்குப் புறப்படுமுன் அதனை ஒரு கராஜிற் காட்டினோம். பிடியின் அடியிலுள்ள நட்டுகளை முறுக்கி, நன்றாகப் பிடிக்கும் என்று சொல்லித் தந்தார்கள். இழுத்துப் பார்த்தபோது இறுக்கமாகத்தான் இருந்தது. றம்பொடையைத் தாண்டி மலையேறும் வழியில் தேநீர் பருகுவதற்காக நிறுத்தினோம். பிள்ளைகள் இறங்கிவிட்டார்கள், முழங்கால் நோவுடைய எம் அம்மா பின்னாசனத்தில் இருந்தார். கார் மெல்லப் பின்னோக்கி அசைந்தது. முதற் கியரில் விட்டிருந்தமையால் ஒரு சாண் தூரத்துள் நின்றது. அம்மா ஒன்றும் பேசவில்லை. கதவின் பிடியை மட்டும் நெடுநேரம் விடவில்லை. தேநீர்க் கடைக்காரர் தந்த விறகுக் கட்டையொன்று எஞ்சிய பயணம் முழுவதும் எம்முடன் வந்தது.

ஊர் திரும்பியதும் எம் அயலிலுள்ள முதிய மெக்கானிக்கிடம் சென்றோம். நாம் கம்பிவடத்தைப் பற்றிச் சொல்லத் தொடங்க, அவர் இடைமறித்தார்.

"மாஸ்ரர், கம்பியை விடுங்கோ. முதலிலை சில்லைக் கழட்டிப் பாப்பம்."

முன்சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்த பின்னரே பின்புறத்தை உயர்த்தினார். பின்சில்லுகள் நிலத்தை விட்டு எழுந்தபின் கைப்பிறேக்கினால் யாதொரு பயனுமில்லை என்பதைப் பலர் நினைப்பதில்லை. அச்சின் கீழ் உறுதியான தாங்கிகளையும் வைத்தார். ஜக்கை மட்டும் நம்பி வேலை செய்பவரல்லர். இடப்பக்க டிறம் கழன்றதும் கனத்த ஒயில் மணம் வீசியது. பின்னச்சில் அளவுக்கு மிஞ்சி ஊற்றப்பட்டிருந்த ஒயில், தேய்ந்த சீலைக் கடந்து லைனரை நனைத்திருந்தது. அப்பக்கம் முற்றாக வழுக்கியது. வலப்பக்கம் ஒன்றே அதுவரை காரைத் தாங்கியிருந்தது. கம்பியை எவ்வளவு முறுக்கினாலும் எண்ணெயில் ஊறிய லைனர் பிடிக்குமோ? பெற்றோலாற் கழுவினாலும் பிரேக்கு சூடேறும்போது ஊறிய எண்ணெய் மீண்டும் கசியும். சீலையும் இரு பக்க லைனர்களையும் மாற்றுவித்தோம். பழைய லைனர்களில் அஸ்பெஸ்டஸ் கலந்திருத்தலால், அந்தத் தூசியை வாயால் ஊதுவதும் காற்றுக் குழாயாற் போக்குவதும் நுரையீரலுக்குக் கேடு. ஈரத்துணியால் துடைத்தல் வேண்டும்.

அதன்பின் அவர் செய்த ஒழுங்கே எமக்குப் பெரிதாகத் தோன்றியது. கைப்பிறேக்கை முற்றாக விட்டுவைத்து, டிறத்திலுள்ள துவாரத்தினூடே திருப்புளியைச் செலுத்தி, சில்லு அசையாதவரை முறுக்கி, ஒரு பல்லளவு தளர்த்தினார். இரண்டு சில்லுகளும் தடையின்றிச் சுழன்ற பின்னரே பிடியின் அடிக்கு வந்தார். மூன்று நான்கு பற்கள் ஏறுவதற்குள் இரு பக்கமும் ஒத்துப் பிடிக்குமாறு கம்பிகளைச் சிறிதே இழுத்தார். லைனர் தேய்ந்த இடைவெளியைக் கம்பியை முறுக்கி மறைப்பதே முன்னர் நடந்த வேலை. சில கார்களிற் பிடியே தானாக நழுவி விழும். அங்கே குற்றம் பல்லிலும் கொக்கியிலும் இருக்கும், கம்பியில் அன்று.

ஒத்துப் பிடிக்கின்றதா என்று அறிய, ஆளரவமற்ற மணலொழுங்கையில் நடை வேகத்தில் ஓட்டிக் கைப்பிறேக்கை இழுத்துப் பார்த்தோம். மணலில் இரு கோடுகளும் ஒரே நீளத்திற்கு விழுந்தன. வாரத்திற் சிலமுறையேனும் அதனை இழுத்து விடுகின்றோம்; காரைப் பல நாள் வீட்டில் விடும்போது மட்டும், லைனர் டிறத்தில் ஒட்டாதிருக்க, கைப்பிறேக்கை விட்டுக் கட்டை வைக்கின்றோம்.

அதற்கு அந்த மலைநாட்டு விறகுக் கட்டையை எடுத்தால் அம்மா விடுவதில்லை. அது காரில் தம் காலடியிலேயே கிடக்க வேண்டுமாம். வேறு கட்டை தேடிக்கொண்டோம்.