நேற்று என்ன நடந்தது, சொல்லுங்கக்கா

கடலூர் மாவட்டம் திட்டக்குடிப் பக்கம் உள்ள மங்களூர் ஒன்றியத்தில் சிறப்பாசிரியராக வேலை செய்கிறேன். பிள்ளைக்குக் காது கேட்கவில்லை, நடக்க வரவில்லை என்றால் ஊரார் இரக்கத்தோடு பேசுவார்கள். அடிக்கிற, கடிக்கிற, வகுப்பை விட்டு ஓடுகிற பிள்ளை என்றால் பேச்சு மாறிவிடும். 'வளர்த்த லட்சணம்' என்று பழி முழுவதும் பெற்றவள் தலையில் விழும். அந்த அம்மாக்களோடு உட்கார்ந்து பேசுவதுதான் என் வேலையிலேயே கடினமானது. நான் மிகவும் மதிப்பதும் அதைத்தான்.

பெரும்பாலும் தீர்ப்பைக் கையில் வைத்துக்கொண்டுதான் வருவார்கள். "அவங்க அப்பன் கொணம் டீச்சர்." "மந்திரிச்சுக் கயிறு கட்டியும் அடங்க மாட்டேங்குறான்." "நீங்களே ரெண்டு போட்டு வைங்க." பள்ளியில் பிள்ளையை அடிப்பதை 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. ஆனால் சட்டம் பேசி அனுப்பினால் அந்த அம்மாவுக்கு அன்றைய சாயங்காலத்தைக் கடக்க வழி கிடைக்காது. அதனால் குணத்தைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. "நேத்து காலையிலேருந்து ராத்திரி வரைக்கும் என்ன நடந்துச்சு, சொல்லுங்கக்கா" என்று கேட்பேன். எப்போது எழுந்தான், என்ன சாப்பிட்டான், முரண்டு எந்த நேரத்தில் தொடங்கியது, அதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அடங்கியபோது அவன் கையில் என்ன இருந்தது என்று நாள் முழுவதையும் கேட்டுக்கொள்வேன்.

ஒரு வீட்டுக் கதையை, அடையாளம் தெரியாதபடி மாற்றிச் சொல்கிறேன். பையனுக்கு ஏழு வயது. தினமும் தட்டை வீசுகிறான், ஆத்தாவை, அதாவது பாட்டியை, கடிக்கிறான். நாளை விரித்துக் கேட்டபோது எல்லாம் ஒரே வேளையில் வந்து நின்றது. பள்ளி விட்டு வருகிறான், பசி. அம்மா இன்னும் சோளக்காட்டிலிருந்து திரும்பவில்லை. அழுகையை நிறுத்த ஆத்தா போனைக் கொடுக்கிறார். வெளிநாட்டில் வேலை செய்யும் அப்பா கூப்பிட்டதும் போனைப் பிடுங்குகிறார்கள். தட்டு பறக்கிறது. சத்தம் பொறுக்காமல் போன் மறுபடி அவன் கைக்கே போகிறது.

இதை ஊன்றிப் பார்த்தவர் அமெரிக்க உளவியலாளர் ஜெரால்ட் பேட்டர்சன். 1982இல் வெளிவந்த தம் நூலில் இந்தச் சுழலை விரிவாக விளக்கினார். பிள்ளை கத்துகிறது, பெரியவர் விட்டுக்கொடுக்கிறார், கத்தல் நிற்கிறது. கத்தினால் கிடைக்கும் என்று பிள்ளை படிக்கிறது. கொடுத்தால் அடங்கும் என்று பெரியவர் படிக்கிறார். இருவருமே கெட்டவர்கள் இல்லை. இதைச் சொன்னதும் அந்த அம்மா, "அப்ப என் வளர்ப்பு தப்பில்லையா?" என்று கேட்டார். இல்லை என்று உறுதியாகச் சொன்னேன். குற்ற உணர்ச்சியில் இருப்பவருக்கு எந்தப் பயிற்சியும் காதில் ஏறாது.

அந்த ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டோம். வந்ததும் முதலில் சாப்பாடு. போனைத் திரும்ப வாங்குமுன், "அப்பா கூப்பிடப் போறாரு, இந்தப் பாட்டு முடிஞ்சதும் குடுக்கணும்" என்று முன்கூட்டியே சொல்வது. கொடுத்துவிட்டால் உடனே பாராட்டு, அப்பாவோடு முதலில் பேசுவது அவன்தான். கத்தினால் போன் கிடையாது. ஆத்தாவையும் சேர்த்து உட்கார வைத்துத்தான் இதைப் பேசினேன். ஒருவர் மறுத்ததை இன்னொருவர் கொடுத்தால் பிள்ளைக்குக் குழப்பம்தான் மிஞ்சும்.

இதில் ஒன்றைக் கட்டாயம் முன்பே சொல்லிவிட வேண்டும்: தொடக்கத்தில் கத்தல் கூடும். வழக்கமாகக் கிடைத்தது கிடைக்காதபோது எந்தப் பிள்ளையும் இன்னும் உரக்கக் கேட்டுப் பார்க்கும். அந்த உச்சத்தில் விட்டுக்கொடுத்தால், அவ்வளவு தூரம் கத்தினால்தான் கிடைக்கும் என்று படித்துவிடும். இது தெரிந்த அம்மா தாக்குப்பிடிப்பார். தெரியாதவர் மூன்றாம் நாளே, "டீச்சர் சொன்னது ஒத்து வரலை" என்று கைவிட்டுவிடுவார்.

எல்லா வீட்டுக்கும் ஒரே யோசனை பொருந்தாது. விருத்தாசலத்தில் செராமிக் வேலைக்குப் போகும் அம்மாவின் நாள் வேறு, இங்கே பருத்தி எடுக்கப் போகிறவரின் நாள் வேறு. அவரால் செய்ய முடிந்ததுதான் யோசனை. சில நேரம் காரணம் உடம்பில் இருக்கும். காது சரியாகக் கேட்காத பிள்ளை சொன்ன பேச்சுக் கேட்காத பிள்ளையாகப் பெயர் வாங்கிவிடும். தூக்கம், வலிப்பு, பேச்சுத் தாமதம் எல்லாவற்றையும் விசாரித்து, தேவைப்பட்டால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன். ஒரு நாள் கூலி போகும் என்பதால் எந்தக் கிழமை, எந்தச் சீட்டு என்று கேட்டுச் சொல்லியே அனுப்புவேன்.

வேலூர் சி.எம்.சி.யின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது முதலே, நோயாளியோடு குடும்பத்தாரும் உடன் தங்குவது அங்கே வழக்கம். வீட்டாரை வெளியே நிறுத்திவிட்டு வைத்தியம் பார்க்க முடியாது என்பதை நம் மண்ணில் அவர்கள் அன்றே செய்து காட்டினார்கள். பிள்ளை என்னோடு இருப்பது கொஞ்ச நேரம். மற்ற நேரமெல்லாம் அம்மாவோடும் ஆத்தாவோடும்தான். அவர்கள் ஓய்ந்துபோனால் நான் கற்றுக்கொடுத்தது எதுவும் நிற்காது. அதனால் அந்த அம்மா தூங்கினாரா, யாரிடமாவது மனம்விட்டுப் பேசுகிறாரா என்றும் கேட்கிறேன். 14416 என்ற டெலிமானஸ் எண்ணைக் கூப்பிட்டால் காசில்லாமல் மனநல ஆலோசனை கிடைக்கும் என்று சொல்லி, அதை அவர் போனிலேயே பதிந்து கொடுக்கிறேன்.

தலைமையாசிரியர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. புகார் சொல்ல அந்த அம்மாவை அழைக்கிறீர்கள். வாரம் ஒருமுறை, அவர் பிள்ளை நன்றாகச் செய்த ஒன்றைச் சொல்லவும் அழையுங்கள். பள்ளியிலிருந்து போன் வந்தாலே பயப்படுகிறவர், நாளடைவில் தாமாகவே வந்து உங்களோடு உட்கார்ந்து பேசுவார். அவர் வந்து உட்கார்ந்தால்தான் என் வேலையும் உங்கள் வேலையும் தொடங்க முடியும்.