கணக்குப் புத்தகத்தை எட்டிய மனந்திரும்புதல்

தியானப் பகுதி: லூக்கா 19:1–10



சகேயுவை நாம் ஓய்வுநாள் பாடசாலையிலேயே அறிந்துகொண்டோம். குள்ளமான மனிதன், எரிகோவின் வீதி, காட்டத்தி மரம், அண்ணாந்து பார்த்து அவனைப் பேர் சொல்லி அழைத்த ஆண்டவர். இவையெல்லாம் நம் நினைவில் படமாகவே பதிந்திருக்கின்றன. ஆனால் அந்த மரத்தை விட்டு இறங்கி வீட்டுக்குள் வந்த பிறகு அவன் எழுந்து நின்று சொன்ன வார்த்தைகளை நாம் வேகமாகக் கடந்துவிடுகிறோம். அங்கே ஒரு கணக்கு இருக்கிறது. இந்த வாரம் அந்தக் கணக்கைச் சற்று நிதானமாகப் பார்ப்போம்.

சகேயு ஆயக்காரருக்குத் தலைவன். இந்தப் பதவிப் பெயர் புதிய ஏற்பாட்டில் வேறு எவருக்கும் கொடுக்கப்படவில்லை. அக்காலத்தில் சுங்கம் வசூலிக்கும் உரிமை குத்தகைக்கு விடப்பட்டது. அரசுக்குச் சேரவேண்டிய தொகையைக் கட்டிய பின், மேற்கொண்டு வசூலிப்பதெல்லாம் குத்தகைக்காரனின் ஆதாயம். எருசலேமுக்குப் போகும் வழியில், வணிகம் செழித்த ஊர் எரிகோ. அங்கே ஆயக்காரருக்குத் தலைவன் ஐசுவரியவானாக இருந்ததில் வியப்பில்லை. அவனுடைய பெயருக்கு எபிரெய மொழியில் தூய்மையானவன் என்று பொருள். ஊரார் அந்தப் பெயரை எந்தத் தொனியில் உச்சரித்திருப்பார்கள் என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள்.

அவன் இரண்டு காரியங்களைச் சொல்கிறான். தன் ஆஸ்தியில் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாகச் சொல்கிறான். எவரிடத்திலாவது அநியாயமாய் வாங்கியிருந்தால் அதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துவதாகவும் சொல்கிறான்.

இதை இன்றைய எண்களில் வைத்துப் பாருங்கள். ஒருவனுடைய ஆஸ்தி 1,00,000 ரூபாய் என்று கொள்வோம். பாதியைக் கொடுத்தால் மீதம் 50,000. அநியாயமாய் வாங்கியது வெறும் 12,500 ரூபாயாக இருந்தால்கூட, நாலத்தனையாகத் திருப்பிச் செலுத்திய பின் கையில் ஒன்றும் மிஞ்சாது. கணக்குப் பார்த்தே வாழ்ந்த சகேயுவுக்கு இது தெரியாமல் இருந்திருக்காது. அறிந்தே சொன்னான்.

நியாயப்பிரமாணம் அவனிடம் இவ்வளவு கேட்கவில்லை. தானாக முன்வந்து குற்றத்தை அறிக்கையிடுகிறவன் முதலையும், அதனோடு ஐந்தில் ஒரு பங்கையும் சேர்த்துக் கொடுத்தால் போதும் என்று லேவியராகமம் 6ஆம் அதிகாரமும் எண்ணாகமம் 5ஆம் அதிகாரமும் கூறுகின்றன. ஆட்டைத் திருடிக் கொன்றவனுக்கோ விற்றவனுக்கோ உரிய தண்டனைதான் நான்கு மடங்கு. அதை யாத்திராகமம் 22ஆம் அதிகாரத்தில் வாசிக்கிறோம். ஏழையின் ஆட்டுக்குட்டியைப் பற்றி நாத்தான் சொன்னபோது தாவீது கோபங்கொண்டு விதித்ததும் அதே நான்கு மடங்குதான். சகேயு தன்னைத் திருடனின் வரிசையில் நிறுத்திக்கொண்டான். சுங்கம், கட்டணம், நடைமுறை என்று தன் தொழிலில் வழங்கிய மென்மையான பெயர்கள் எதையும் அவன் பயன்படுத்தவில்லை.

இன்னொன்றையும் கவனியுங்கள். இதற்கு முந்தின அதிகாரத்தில் ஒரு தலைவன் வருகிறான். அவனும் ஐசுவரியவான். கற்பனைகளைச் சிறுவயது முதல் கைக்கொண்டவன். உள்ளதையெல்லாம் விற்றுக் கொடுக்கும்படி ஆண்டவர் அவனிடம் வெளிப்படையாகவே கேட்டார். அவன் துக்கமடைந்தான். சகேயுவிடமோ ஆண்டவர் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசியதாக லூக்கா எழுதவில்லை. அவன் வீட்டில் தங்கவேண்டும் என்று மட்டுமே கேட்டார். முதலில் வந்தது கிருபை. ஊரார் முறுமுறுக்க, ஆண்டவர் அந்த வீட்டு வாசற்படியை மிதித்தார். அந்தக் கிருபை உள்ளே நுழைந்தபின் கணக்குப் புத்தகம் மூடியபடி இருக்க முடியவில்லை.

ஆகவே இதை நற்கிரியையினால் இரட்சிப்பைச் சம்பாதித்த கதையாக நீங்கள் புரிந்துகொள்ள வேண்டாம். எபேசியர் 2ஆம் அதிகாரத்தில் பவுல், இரட்சிப்பு ஈவு என்று சொன்ன கையோடு, நற்கிரியைகளுக்காகவே நாம் சிருஷ்டிக்கப்பட்டோம் என்றும் சொல்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்கிறார். நாம்தான் நமக்கு வசதியானதை மட்டும் எடுத்துக்கொள்கிறோம்.

மனம் மாறியும் தொழில் மாறாமல் ஒருவர் காலம் தள்ள முடியுமா? சபை வரலாறு, முடியும் என்றே காட்டுகிறது. அமேசிங் கிரேஸ் பாடலை எழுதிய ஜான் நியூட்டனை அறிவீர்கள். 1748 மார்ச் மாதத்தில் கிரேஹவுண்ட் என்னும் கப்பலில் வரும்போது, வட அட்லாண்டிக் கடலில் அடித்த புயலின் நடுவே அவர் தேவனை நோக்கிக் கூப்பிட்டார். அந்நாளைத் தம் மனந்திரும்புதலின் நாளாக வாழ்நாள் முழுதும் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பின்புதான், 1750 முதல் 1754 வரை, அடிமைக் கப்பல்களின் தலைவராக மூன்று பயணங்கள் சென்றார். கப்பல் ஊழியருக்கு ஞாயிறு ஆராதனை நடத்தினார். அதே கப்பலின் கீழ்த்தளத்தில் மனிதர்கள் சங்கிலியால் கட்டுண்டு கிடந்தார்கள். கடல் தொழிலை அவர் கைவிட்டதற்குக் காரணம் நோய். மனச்சாட்சி அப்போது அவரைத் தடுக்கவில்லை. 1764இல் குருப்பட்டம் பெற்றார். அடிமை வாணிபத்தின் கொடுமையைத் தாம் கண்டபடி, தம் பங்கை வெட்கத்தோடு ஒப்புக்கொண்டு, ஒரு சிறுநூலை வெளியிட்டது 1788இல். புயலுக்கும் அந்த நூலுக்கும் இடையே 40 ஆண்டுகள். 1807இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் அந்த வாணிபத்தைத் தடை செய்தது. அதே ஆண்டு டிசம்பரில் நியூட்டன் மரித்தார்.

நியூட்டனை நியாயந்தீர்க்க இதைச் சொல்லவில்லை. அவருடைய ஜெபம் பொய் என்றும் நான் எண்ணவில்லை. கிருபை உதட்டுக்கு விரைந்து வருகிறது, வருமானத்துக்கு மெதுவாக வருகிறது என்பதை அவர் வாழ்க்கை நமக்குக் கற்பிக்கிறது. அந்தத் தாமதத்தின் விலையைக் கொடுத்தவர் நியூட்டன் அல்லர். கீழ்த்தளத்தில் கிடந்தவர்களே கொடுத்தார்கள். உங்களுடைய மனந்திரும்புதல் தாமதிக்கும்போது அதற்கான விலையை யார் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று உங்களையே கேட்டுப் பாருங்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நான் ஊழியம் செய்த ஒரு கிராமச் சபையில் மளிகைக் கடைக்காரர் ஒருவர் இருந்தார். சகேயுவைப் பற்றிய செய்திக்குப் பின் ஒரு ஞாயிறன்று, எல்லாரும் போகும்வரை காத்திருந்து என்னிடம் வந்தார். தராசுத் தட்டின் அடியில் புளி ஒட்டி எடையைக் குறைக்கும் பழக்கம் அவருக்கு நெடுநாளாக இருந்தது. "ஐயா, புளியச் சுரண்டிட்டேன். இனிமே செய்யமாட்டேன். ஆனா இத்தன வருசம் எடுத்ததுக்கு என்ன செய்ய?" என்று கேட்டார்.

மன்னிப்புக் கேளுங்கள், தேவன் இரக்கமுள்ளவர் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவது எனக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் அவருக்கு அது தெரியும். அவர் கேட்டது வேறு. அன்று மாலை அவருடைய கடன் நோட்டை எடுத்து வைத்துக்கொண்டு இருவரும் உட்கார்ந்தோம். பற்று வைத்து வாங்கியவர்களின் பெயர்கள் அதில் இருந்தன. பத்தில் ஒரு பங்கு எடை குறைந்திருக்கும் என்று அவரே சொன்னார். அப்படியானால் 1,000 ரூபாய்க்கு வாங்கியவருக்கு 100 ரூபாயும், லேவியராகமம் சொல்லும் ஐந்தில் ஒரு பங்காக 20 ரூபாயும் சேர்த்து 120 ரூபாய் தரவேண்டும். எல்லாவற்றையும் கூட்டியபோது வந்த தொகை அவர் மகளின் திருமணத்துக்குச் சேர்த்து வைத்திருந்ததில் பெரும்பகுதியை விழுங்கியது. அவர் மனைவி வாசலில் நின்று அழுதார். பிள்ளையின் நகையைப் பற்றிய கவலை ஒருபுறம், நாளைக்குத் தெருவில் எப்படி நடப்பது என்ற அச்சம் மறுபுறம். இரண்டும் நியாயமான பயங்களே. அவற்றைப் போக்கும் பதில் என்னிடம் இருக்கவில்லை.

அவர் வீடு வீடாகப் போனார். சிலர் தட்டிக் கொடுத்தார்கள். ஒருவர் நடுத்தெருவில் வைத்து ஏசினார். ஒரு குடும்பம் அதற்குப் பின் அந்தக் கடைப் பக்கமே வரவில்லை. வயதான தாயார் ஒருவர் அமைதியாகப் பணத்தை வாங்கிக்கொண்டு, "நீ எடை கொறைக்கது எனக்குத் தெரியும்யா. தெரிஞ்சுதான் வாங்குனேன். எனக்கு வேற யாரு கடன் தருவா?" என்றாராம். இதை என்னிடம் சொல்லும்போது அவரால் தொடர்ந்து பேச முடியவில்லை. தன் பாவம் வெறும் 100 கிராம் என்று அதுவரை எண்ணியிருந்தார். அது ஓர் ஏழையின் வாயை அடைத்து வைத்திருந்தது என்பதை அன்றுதான் அறிந்தார்.

நோட்டில் பெயர் இல்லாதவர்களுக்கு என்ன செய்வது? ரொக்கம் கொடுத்து வாங்கியவர்கள், ஊரை விட்டுப் போனவர்கள், மரித்துப்போனவர்கள் உண்டே. எண்ணாகமம் 5ஆம் அதிகாரம் இதற்கும் வழி சொல்கிறது. பெற்றுக்கொள்ள உரியவன் இல்லையென்றால் அது கர்த்தருக்குச் சேரும். சகேயு பாதி ஆஸ்தியை ஏழைகளுக்குக் கொடுத்ததில் இந்த எண்ணமும் இருந்திருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. சுங்கச்சாவடியைக் கடந்துபோன அந்நியர் அனைவரையும் அவன் எங்கே போய்த் தேடுவான்? கடைக்காரரும் மாதந்தோறும் சில விதவைகளின் வீடுகளுக்கு அரிசி அனுப்பத் தொடங்கினார். திருமணம் எளிமையாக நடந்தது.

பிரியமானவர்களே, உங்களில் பலருக்குக் கடையும் தராசும் இல்லை. ஆனால் ஏதோ ஒரு கணக்கு எல்லாரிடமும் இருக்கிறது. மூன்று இடங்களை மட்டும் சுட்டிக்காட்டுகிறேன்.

முதலாவது, கூலி. வேலைக்காரனின் கூலி விடியுமட்டும் நம் வசம் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19ஆம் அதிகாரம் கட்டளையிடுகிறது. உங்கள் வீட்டில் பாத்திரம் துலக்கும் சகோதரிக்கும், சுவர் எழுப்பிய கொத்தனாருக்கும் நீங்கள் தரவேண்டியது எதுவும் பாக்கி இருக்கிறதா?

இரண்டாவது, சகோதரிகளின் பங்கு. கிறிஸ்தவப் பெற்றோர் உயில் எழுதாமல் மரித்தால், மகனுக்கும் மகளுக்கும் சமமான பங்கு உண்டு என்று 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் கூறுகிறது. ஆனாலும், சீர் செய்தாயிற்று என்று சொல்லி, அழுத்தம் கொடுத்து விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிய வீடுகள் நம்மிடையே உண்டு. அந்த நிலத்தின் விளைச்சலிலிருந்து காணிக்கையும் வருகிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டு முதலில் சகோதரனிடம் போகும்படி ஆண்டவர் சொன்னாரே. சகோதரியிடம் போகவேண்டியவர்களும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, பெயர். ஒருவரைப் பற்றி உறுதியில்லாத காரியத்தை நாலுபேர் முன் சொல்லியிருந்தால், அவரிடம் தனியாக வருத்தம் தெரிவிப்பதோடு கடமை முடிவதில்லை. அந்த நாலுபேரிடமும் போய், நான் சொன்னது தவறு என்று சொல்வதே அதற்கேற்ற திருப்பிச் செலுத்துதல்.

இதில் ஞானமும் தேவை. உங்கள் மனப்பாரத்தை இறக்கிவைக்கும் அவசரத்தில் வேறொருவரின் குடும்பத்தையோ பாதுகாப்பையோ குலைத்துவிடக் கூடாது. அப்படிப்பட்ட காரியமானால், முதலில் முதிர்ந்த ஒரு விசுவாசியிடமோ உங்கள் போதகரிடமோ பேசுங்கள். கொடுக்க வசதி இல்லாதவர்கள் சோர்ந்துபோக வேண்டாம். உரியவரிடம் போய், இவ்வளவு கடமைப்பட்டிருக்கிறேன், மாதம் இவ்வளவு தருகிறேன் என்று சொல்லுங்கள். வேறொருவனுடைய கடனையும் தாமே செலுத்துவதாகப் பவுல் தம் கையாலேயே பிலேமோனுக்கு எழுதிக் கொடுத்தார். நம் சொந்தக் கடனை எழுதிக் கொடுப்பதில் நமக்கு என்ன இழிவு?

இந்த வாரத்தில் ஒரு காகிதத்தை எடுத்து ஜெபத்தோடு மூன்று காரியங்களை எழுதும்படி உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்: ஒரு பெயர், ஒரு தொகை அல்லது ஒரு செயல், ஒரு தேதி. பெயரில்லாத மனந்திரும்புதல் பொதுவான வருத்தமாகவே நின்றுவிடும். தேதியில்லாதது அடுத்த உபவாச நாட்கள் வரை தள்ளிப்போகும். சகேயுவின் வீட்டுக்கு இரட்சிப்பு வந்ததை ஆண்டவர் இன்றைக்கு என்று சொன்னார். உங்கள் தேதி அடுத்த ஞாயிறுக்கு முன்னதாக இருக்கட்டும்.

ஜெபம்: அன்பின் பரலோகப் பிதாவே, நாங்கள் பாவிகளாயிருக்கையில் எங்கள் வீட்டுக்குள் வரச் சித்தங்கொண்ட உம்முடைய குமாரனுக்காக ஸ்தோத்திரம். நாங்கள் மூடி வைத்திருக்கும் கணக்குகளை உமது வெளிச்சத்தில் திறக்கப் பெலன் தாரும். எங்களால் இழந்தவர்களை எங்கள் நினைவுக்குக் கொண்டுவாரும். அவர்கள் வாசலில் போய் நிற்கும் தாழ்மையை எங்களுக்குத் தாரும். அதன் விலையைக் குறித்து அஞ்சும் குடும்பங்களைத் தாங்கும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் கேட்கிறோம், ஆமென்.