ஐந்து நாள் டிக்கட்

ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போகிறவர்கள் இரண்டு காரியங்களைச் செய்துவிட்டுத் திரும்புவது வழக்கம். ஆண்டாளைத் தரிசிப்பது ஒன்று. பால்கோவா வாங்குவது மற்றொன்று. இரண்டையும் குறைவில்லாமல் செய்து முடித்த பிறகு, நான் மூன்றாவதாக ஒரு காரியமும் செய்தேன். வ. புதுப்பட்டிக்குப் பஸ் ஏறினேன்.

மதுரை சாலையில் கிருஷ்ணன்கோவில் வரையில் வந்து, அங்கே மேற்கே திரும்பினால் தேசமே மாறிவிடுகிறது. அதுவரை கரிசலும் வெயிலுமாக இருந்த பூமி, திடீரென்று தென்னந்தோப்பும் நெல் வயலுமாகக் கண்ணுக்குக் குளிர்ச்சி தருகிறது. எதிரே மேற்குத் தொடர்ச்சி மலை சுவர் எடுத்தாற்போல் நிற்கிறது. பெரியாறு, கோவிலாறு என்ற இரண்டு பிளவக்கல் அணைகளும் அந்த மலையடிவாரத்தில்தான் இருக்கின்றன. அமாவாசைக்கு அமாவாசை ஜனங்கள் திரளாக ஏறுகிற சதுரகிரியும் அந்தத் திசையில்தான் இருக்கிறது.

தமிழ்நாட்டில் புதுப்பட்டிகளுக்குக் கணக்கில்லை. ஆகையால், மனிதர்கள் தகப்பனார் பெயரின் முதல் எழுத்தைப் போட்டுக்கொள்வதுபோல, இந்த ஊர் அருகிலுள்ள வத்திராயிருப்பின் முதல் எழுத்தைத் தன் பெயருக்கு முன்னால் போட்டுக்கொண்டிருக்கிறது.

நான் அங்கே போனதற்கு முக்கியமான காரணம் மலையும் அல்ல, அணையும் அல்ல. ஓய்வு பெற்ற ஓர் உபாத்தியாயரைப் பார்ப்பதற்காகப் போனேன். சென்னையில் பொங்கலை ஒட்டி டெஸ்ட் ஆட்டம் நடந்த காலத்தில், இந்த ஊரிலிருந்து சேப்பாக்கத்துக்கு ஒரு தடவையும் தவறாமல் போய் வந்தவர் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். தை மாத வைபவங்களையெல்லாம் வீட்டாரிடம் ஒப்படைத்துவிட்டுக் கிரிக்கெட் பார்க்கப் புறப்பட்ட மகானுபாவரைத் தரிசிக்காமல் இருக்கலாமா?

அவரை வீட்டில் காணவில்லை. "தாத்தா கிரவுண்டிலே இருப்பார்" என்று ஒரு சிறுமி வழி காட்டினாள்.

கிரவுண்டு என்பது அறுவடை முடிந்து காய்ந்து கிடந்த ஒரு வெளி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு கற்களை நட்டு, பையன்கள் கால்பந்து ஆடிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேருக்குச் செருப்புக்கூட இல்லை. ஓடைப் பாலத்தின் திண்டில் ஏழெட்டுப் பெரியவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் எழுபது வயதைத் தாண்டிய ஒருவர் மட்டும், பந்து கற்களுக்கு நடுவே போனபோதெல்லாம், எந்தக் கட்சி என்று பாராமல் கையைத் தட்டினார். அவர்தான் நான் தேடி வந்தவர் என்று உடனே தெரிந்துகொண்டேன்.

"வாங்க தம்பி, உட்காருங்க. ஆட்டம் முடியட்டும்" என்றார். முடிகிற வரையில் வேறு பேச்சு இல்லை. மலை மேற்கே இருப்பதால் அந்த ஊரில் சூரியன் சீக்கிரமே மறைந்துவிடுகிறான். பந்து கண்ணுக்குத் தெரியாமற் போன பிறகுதான் பையன்கள் கலைந்தார்கள்.

வீட்டில் அவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து காட்டினார். பழைய டிக்கட் துண்டுகள், வருஷ வாரியாக நூல் போட்டுக் கட்டியிருந்தன. அக்காலத்தில் ஐந்து நாள் ஆட்டத்துக்கும் சேர்த்து ஒரே டிக்கட் கொடுப்பார்கள். அதற்கு ஸீஸன் டிக்கட் என்று பெயர். வாத்தியார் அதற்காக ஐப்பசி மாதத்திலிருந்தே சம்பளத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைப்பாராம். கையில் கட்டுச் சோற்று மூட்டையுடன் கொல்லம் மெயிலில் ஏறுவாராம்.

"முதல் தடவை போனது 1975 ஜனவரி. விசுவநாத் தொண்ணூற்றேழு அடித்து அவுட்டாகாமல் நின்ற ஆட்டம்" என்று அவர் ஆரம்பித்தபோது, வயதில் ஐம்பது குறைந்துவிட்டது. மேற்கிந்தியரான ஆன்டி ராபர்ட்ஸ் அந்த இன்னிங்ஸில் ஏழு பேரைச் சாய்த்தார். இந்தியா எடுத்த மொத்த ஓட்டமே 190; அதில் பாதிக்கு மேல் விசுவநாத்தினுடையது. சதம் ஆகவில்லை, ஆனால் ஆட்டத்தில் இந்தியா நூறு ஓட்டத்தில் ஜயித்தது. "சதம் அடித்தவர்களையெல்லாம் மறந்துவிட்டேன் தம்பி. அந்த தொண்ணூற்றேழை மறக்கவில்லை" என்றார்.

பிறகு 1986 செப்டம்பரில் ஆஸ்திரேலியாவோடு ஆடிச் சமமாக முடிந்த டெஸ்ட். 1988 ஜனவரியில் ஹிர்வானி என்ற புதுப் பையன் தன் முதல் டெஸ்டிலேயே பதினாறு விக்கட் எடுத்தது. இப்படி ஒவ்வொரு துண்டுக்கும் ஒரு கதை இருந்தது. கடைசியாக எடுத்தது 1999 ஜனவரித் துண்டு. டெண்டுல்கர் 136 அடித்தும், பாகிஸ்தான் பன்னிரண்டு ஓட்டத்தில் வென்றுவிட்டது. அன்று சேப்பாக்கத்து ஜனங்கள் எழுந்து நின்று, வென்றவர்களுக்குக் கரகோஷம் செய்தார்கள். உலகமெல்லாம் அதைப் பற்றி எழுதிற்று.

"நானும் நின்றேன். கண்ணிலே தண்ணீர், கை மட்டும் தட்டியது" என்றார் வாத்தியார்.

"இப்போது போவதில்லையா?" என்று கேட்டேன்.

அவர் பெட்டியை மூடினார்.

அவர் சொன்னதைச் சுருக்கிச் சொல்லுகிறேன். பொங்கல் டெஸ்ட் என்பது இப்போது பழங்கதையாகிவிட்டது. 2013 பிப்ரவரி ஆட்டத்துக்குப் பிறகு 2024 முடியும் வரையில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டுகள் நான்கே: 2016-ல் ஒன்று, 2021-ல் இரண்டு, 2024-ல் ஒன்று. அந்த இடத்தைப் பிடித்துக்கொண்டது மூன்றரை மணி நேர ஐ.பி.எல். ஆட்டம். 2025-ஆம் வருஷத்தில் அதற்குச் சேப்பாக்கத்தில் மிகக் குறைந்த டிக்கட் 1,700 ரூபாய். உயர்ந்த வகையில் ஒன்று 7,500 ரூபாய். அதே 2025-26-ஆம் ஆண்டில், கிராமத்து நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் நிர்ணயித்திருந்த தினக் கூலி 336 ரூபாய். வாத்தியார் ஒரு காகிதத்தில் பெருக்கிக் காட்டினார். ஐந்து நாள் கூலி 1,680. டிக்கட்டுக்கு இன்னும் இருபது ரூபாய் குறைகிறது!

"அப்போது ஒரு டிக்கட்டுக்கு ஐந்து நாள் ஆட்டம். இப்போது ஐந்து நாள் வேலைக்கு ஒரு டிக்கட்கூட இல்லை" என்றார். இதற்குமேல் 2025 செப்டம்பரில் ஐ.பி.எல். டிக்கட்டின் மீதான ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 28-லிருந்து 40 ஆக உயர்ந்தது. குதிரைப் பந்தயத்துக்கும் சூதாட்ட விடுதிக்கும் எந்தப் படியோ, அந்தப் படியில் இதையும் வைத்துவிட்டார்கள்.

இந்த வருத்தம் அவருக்கு மட்டும் உரியதல்ல என்று சொல்லி ஆறுதல் கூற முயன்றேன். அமெரிக்காவில் கலாசாலைகளுக்கு இடையே நடக்கும் கால்பந்து பெரிய உற்சவம். பெயர் கால்பந்து, ஆனால் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டுதான் ஓடுகிறார்கள். டென்னஸி சர்வகலாசாலையின் மைதானத்தில் ஒரு லக்ஷத்துக்கு மேற்பட்டவர்கள் உட்காரலாம். தலைமுறை தலைமுறையாக ஸீஸன் டிக்கட் வைத்திருக்கும் குடும்பங்கள் உண்டு. அந்தச் சர்வகலாசாலையார் 2024 செப்டம்பரில், அடுத்த வருஷ டிக்கட்டைப் புதுப்பிப்பவர்கள் நூற்றுக்குப் பத்து வீதம் 'திறமைக் கட்டணம்' சேர்த்துத் தரவேண்டும் என்று அறிவித்தார்கள். சராசரி நாலரை சதவிகித விலையேற்றம் அதற்கு வேறாக இருந்தது.

அவர்கள் சொன்ன காரணத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. அந்த மாணவர்களின் ஆட்டத்தால் கோடி கோடியாகப் பணம் வந்தபோதும், வெகு காலம் அவர்களுக்குப் பங்கு கிடையாது. 2025 ஜூனில் நீதிமன்றம் அங்கீகரித்த ஓர் உடன்படிக்கையின்படி, ஒரு சர்வகலாசாலை முதல் வருஷத்தில் சுமார் இரண்டு கோடியே ஐந்து லக்ஷம் டாலர் வரையில் ஆட்டக்காரர்களுக்குக் கொடுக்கலாம் என்று ஆயிற்று.

"ஆடுகிறவனுக்குக் கூலி கொடுக்கவேண்டியதுதான்" என்றார் வாத்தியார். "ஆனால் அந்தக் கூலியை யாரிடம் முதலில் கேட்கிறார்கள் பாருங்கள். விட்டுப் போகமாட்டான் என்று தெரிந்தவனிடம்தானே?"

எனக்குச் சுருக்கென்றது. விஷயத்தின் முடிச்சு அங்கேதான் இருக்கிறது. சாமான் விற்கிற கடைக்காரன் பழைய வாடிக்கைக்காரனுக்கு ஒரு கைப்பிடி கொசுறு போடுவான். ஆட்டம் நடத்துகிறவர்களோ, பழைய வாடிக்கைக்காரன் என்பதற்காகவே விலையை ஏற்றுகிறார்கள். அன்பு எவ்வளவு அதிகமோ, அவ்வளவு அதிகமாகக் கறக்கலாம் என்பது அவர்களுடைய கணக்கு.

அந்தக் கணக்கு ஒரு தடவை தப்பியதும் உண்டு. இங்கிலாந்தில் லிவர்பூல் நகரத்துக் கால்பந்துக் கழகத்தார், அடுத்த பருவத்தில் மிக உயர்ந்த டிக்கட் 77 பவுன் என்று அறிவித்தார்கள். 2016 பிப்ரவரி 6-ஆம் தேதி ஆட்டம் நடந்துகொண்டிருந்தது. சரியாக 77-வது நிமிஷத்தில் ஆயிரக்கணக்கான ரஸிகர்கள் எழுந்து, கல் எறியாமல், நாற்காலி உடைக்காமல், வெளியே நடந்தார்கள். நம் தேசத்தார் உலகத்துக்குச் சொல்லிக் கொடுத்த வித்தை அல்லவா அது? சில தினங்களுக்குள் கழகத்தின் முதலாளிகள் மன்னிப்புக் கேட்டு, விலையேற்றத்தைக் கைவிட்டார்கள். அதே வருஷம் அங்கே, வெளியூரிலிருந்து வரும் ரஸிகர்களிடம் 30 பவுனுக்கு மேல் வாங்கக்கூடாது என்ற விதியும் வந்தது.

"அவர்கள் வெளியே போகும்போது ஆட்டம் என்ன நிலையில் இருந்தது?" என்று வாத்தியார் ஆவலுடன் கேட்டார்.

"லிவர்பூல் இரண்டுக்குச் சுன்னம் என்று ஜயித்துக்கொண்டிருந்தது. அவர்கள் போன பிறகு எதிர்க்கட்சி இரண்டு கோல் போட்டுச் சமமாக்கிவிட்டது."

கிழவர் தொடையைத் தட்டிச் சிரித்தார். "பார்த்தீர்களா! ஜனங்கள் இல்லாவிட்டால் ஆட்டம் எங்கே இருக்கிறது?"

அவர் கேட்பது அதிகமில்லை. எல்லா இடத்தையும் மலிவாகக் கொடு என்று அவர் சொல்லவில்லை. மெத்தை நாற்காலிக்கு எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளட்டும். வெயிலில் காய்கிற ஒரு பகுதியை மட்டும், ஒரு நாள் கூலிக்கு மேல் போகாத விலையில், வருஷா வருஷம் வருகிறவர்களுக்கென்று வைக்கட்டும் என்கிறார். 1999-ல் சேப்பாக்கத்துக்குக் கிடைத்த கீர்த்தி அப்படிப்பட்ட இடங்களிலிருந்து எழுந்த கரகோஷத்தால் கிடைத்தது. அந்தக் கீர்த்தியைத்தானே இன்று அதிக விலை போட்டு விற்கிறார்கள்?

மறுநாள் காலை ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் திரும்பினேன். ஆண்டாள் தேர் நிலையில் நின்றுகொண்டிருந்தது. ஆடிப்பூரத்தன்று அதை இழுப்பதற்கு ஆயிரக்கணக்கான ஜனங்கள் சுற்றுக் கிராமங்களிலிருந்து வருகிறார்கள். வடத்தில் கை வைக்க டிக்கட் கிடையாது. ஒருகால் வைத்தால் என்ன ஆகும் என்று யோசித்தேன். பணம் சேரும், வாஸ்தவம். ஆனால் தேர் நகருமா?

வ. புதுப்பட்டியில் அன்று சாயங்காலமும் பந்து உருண்டிருக்கும். பாலத்துத் திண்டில் உட்கார்ந்து வாத்தியார் கை தட்டியிருப்பார். அந்த இடத்துக்கு இதுவரை யாரும் விலை போடவில்லை.