நாள் கணக்கைக் காத்தவர்கள்

வேதகலாபம் என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் மனக்கண்முன் வாளும் நெருப்பும் சிலுவை மரமுமே தோன்றுகின்றன. உயிரைக் கொடுத்து விசுவாசத்தைக் காத்த வேதசாட்சிகளுக்குத் திருநாள் உண்டு. கொடியேற்றமும் தேர்ப்பவனியும் உண்டு. அது தகுந்ததே. ஆயினும், உயிரோடிருந்து, அஞ்சி அஞ்சி வாழ்ந்து, அதே விசுவாசத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காத்த எளியோரும் உலகில் உண்டு. அவர்களுக்குத் தேர் இல்லை. அத்தகையோர் சிலரைப் பற்றி நம் சங்கத்துக் குடும்பங்கள் அறிய வேண்டும் என்ற ஆவலால் இதனை எழுதுகிறேன். கிறிஸ்தவரல்லாத அன்பர்களும் பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன். ஊரை விட்டு வந்து வாழும் எவருக்கும் இவ்வரலாற்றில் ஒரு செய்தி உண்டு.

நம் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் 1542-ஆம் ஆண்டு முதல் உழைத்து, மீனவ மக்களுக்கு மந்திரங்களைத் தமிழிலேயே மனப்பாடம் செய்வித்த அர்ச். சவேரியார்தாம், 1549 ஆகஸ்டு 15-ஆம் நாள் ஜப்பான் நாட்டுக் ககோஷிமாவில் கரையிறங்கினார். சில பத்தாண்டுகளில் அந்நாட்டில் விசுவாசிகள் இலட்சக் கணக்கில் பெருகினர். ஆட்சியாளருக்கு ஐயமும் அச்சமும் பிறந்தன. 1587-இல் ஹிதேயோஷி என்பவர் குருக்களை நாட்டைவிட்டு வெளியேறுமாறு ஆணையிட்டார். 1597 பிப்ரவரி 5-ஆம் நாள் நாகசாகியில் 26 பேர் சிலுவைகளில் உயிர் துறந்தனர். அவர்களுள் ஒருவரான கொன்சாலோ கார்சியா நம் இந்திய நாட்டில், மும்பைக்கு வடக்கேயுள்ள வசாயில் பிறந்தவர்.

1614-இல் நாடு முழுவதும் கிறிஸ்து மதம் தடை செய்யப்பட்டது. கோயில்கள் இடிக்கப்பட்டன. ஒவ்வொரு குடும்பமும் ஒரு பௌத்த ஆலயத்தில் பெயரைப் பதிந்தாக வேண்டும் என்று விதிக்கப்பட்டது. 1644-இல் நாட்டில் எஞ்சியிருந்த கடைசிக் குருவானவரும் கொல்லப்பட்டார் என்பர். நாகசாகிப் பகுதியில் ஆண்டுதோறும் புத்தாண்டுத் தொடக்கத்தில் மக்களை அழைத்து, கர்த்தருடைய உருவமோ தேவமாதாவின் உருவமோ பொறித்த தகடு ஒன்றைக் காலால் மிதிக்கச் சொல்வார்கள். மறுத்தவருக்குச் சிறையும் சித்திரவதையும் மரணமும் காத்திருந்தன.

அந்நகரையடுத்த உரகாமி என்பது உழவர் வாழ்ந்த சிற்றூர். குருவும் இல்லை, கோயிலும் இல்லை, பூசையும் இல்லை என்ற நிலையில் அவ்வூரார் தமக்குள் சில பொறுப்புகளை வகுத்துக்கொண்டனர். ஒருவர் திருநாள் கணக்கை வைத்திருப்பார். ஒருவர் பிறந்த குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் கொடுப்பார். வேறு சிலர் இன்ன நாள் ஒருசந்தி, இன்ன நாள் வேலை ஓய்வு என்று வீடு வீடாக இரகசியமாய்ச் சொல்லி வருவார்கள். இலத்தீனிலும் போர்த்துக்கீசிய மொழியிலும் கற்ற மந்திரங்கள் வாய்வழியே வந்து வந்து, பொருள் மங்கினாலும் ஓசை மறையாமல் நின்றன.

"படத்தை மிதித்தவர்களை விசுவாசிகள் என்று எப்படிச் சொல்லலாம்?" என்று எங்கள் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் என்னோடு வாதிட்டார். நியாயமான கேள்வியே. உயிர் துறந்த 26 பேருக்கு முன்னால் இவர்கள் தலைகுனிந்துதான் நிற்பார்கள். ஆனால் மிதித்தது சரியென்று அவர்கள் சாதிக்கவில்லை. குருவானவர் கிடைக்காத இடத்தில் மெய்யான மனஸ்தாபத்தினால் பாவ மன்னிப்புப் பெறலாம் என்று கற்பிக்கும் சிறு நூல் ஒன்று 1603-இல் அங்கே வெளிவந்திருந்தது. அதனைக் கையால் படியெடுத்து மறைத்து வைத்திருந்தார்கள். மிதித்துவிட்டு வீடு திரும்பி, அந்த உத்தம மனஸ்தாப மந்திரத்தைச் சொல்வார்கள். அடுத்த ஆண்டு மீண்டும் மிதிப்பார்கள்; மீண்டும் மன்னிப்பு வேண்டுவார்கள். ஒருநாள் துணிந்து உயிர் விடுவது பெரிது. இருநூறு ஆண்டுகள் வெட்கத்தோடு ஜெபித்துக்கொண்டே இருப்பதும் சிறிதன்று.

இதனை நான் ஏட்டறிவால் மட்டும் சொல்லவில்லை. நான்கு ஆண்டுகளுக்கு முன், இந்த வடநாட்டு ரயில் நகரத்தில், எங்கள் முதற்குழந்தை ஏழாம் மாதத்தில் காய்ச்சல் கண்டு இறந்தது. தமிழறிந்த குருவானவர் ஓர் இரவுப் பயணத் தொலைவில் இருந்தார். உள்ளூர்க் குருவானவரோ வெளியூர் சென்றிருந்தார். எங்கள் குடியிருப்பில் ஓய்வு பெற்ற ஃபிட்டர் ஒருவர் இருக்கிறார். எண்ணெய்க்கறை படிந்த தம் பழைய ஜெபப் புத்தகத்தைக் கொண்டுவந்து, கல்லறையருகே நின்று, தமிழில் மந்திரங்களை ஒவ்வொன்றாக வாசித்தார். அவர் குரல் இனிய குரலன்று. ஆயினும் அதுவரை வாய் திறவாதிருந்த என் மனைவி, அந்த மந்திரங்களுக்குப் பதில் சொல்லத் தொடங்கினாள். துன்பத்தின் காரணத்தை அவர் எங்களுக்கு விளக்கவில்லை. மறுநாள் மாலையும், அதற்கு மறுநாளும், முப்பது நாள் வரை தவறாமல் வந்து ஜெபமாலை சொல்லிவிட்டுப் போனார். உரகாமி ஊரின் எழுத்தறியாத பெரியவர்கள் எப்படி இருந்திருப்பார்கள் என்று எண்ணும்போதெல்லாம் எனக்கு அவர் முகமே தோன்றுகிறது.

இனி 1865-க்கு வருவோம். அயல்நாட்டாருக்குத் துறைமுகங்கள் திறக்கப்பட்டபின், நாகசாகியில் ஓஉரா என்னுமிடத்தில் பிரெஞ்சுக் குருக்கள் ஒரு கோயில் எழுப்பியிருந்தனர். மார்ச்சு 17-ஆம் நாள் உரகாமியிலிருந்து சிறு கூட்டமாகச் சிலர் வந்தனர். பெத்திழான் என்ற குருவானவர் முழந்தாளிட்டிருக்கையில், ஒரு பெண் அவரை அணுகி, தங்கள் உள்ளமும் அவர் உள்ளமும் ஒன்றே என்று மெல்லச் சொல்லி, தேவமாதாவின் சுரூபம் எங்கே என்று வினவினாள். சுரூபத்தின் முன் நின்று அவர்கள் வேறொன்றும் சொன்னார்கள்: இது தங்களுக்குத் துக்க காலம், இன்று அதன் பதினேழாம் நாள். அவ்வாண்டு விபூதிப் புதன் மார்ச்சு முதல் நாள். மார்ச்சு 17 தபசுகாலத்தின் பதினேழாம் நாளேதான்! குருவின்றிக் கழிந்த இருநூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்தில், கணக்கு ஒரு நாள்கூடப் பிசகவில்லை. பார்சல் ஆபீஸில் நாள்தோறும் பதிவேட்டோடு மல்லாடும் எனக்கு, ஒரு தேதி தவறாமல் காப்பதன் அருமை தெரியும். அந்த வரியைப் படித்த இரவு எனக்கு நெடுநேரம் உறக்கம் வரவில்லை.

அவர்கள் துன்பம் அத்தோடு முடியவில்லை. தடை இன்னும் நீங்காததால், 1867-இல் கைதுகள் தொடங்கின. அடுத்த சில ஆண்டுகளில் உரகாமி மக்கள் ஏறத்தாழ 3,400 பேர் பல ஊர்களுக்கு நாடு கடத்தப்பட்டனர். குளிர்காலத்தில் உறைந்த குளத்து நீரில் இறக்கப்பட்டவரும் உண்டு; 600-க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1873-இல் தடைப்பலகைகள் அகற்றப்பட்டபின் எஞ்சியோர் ஊர் திரும்பினர். அந்த நாடு கடத்தலுக்கு அவர்கள் இட்ட பெயர் 'பயணம்' என்பதே. திரும்பியவர்கள், முன்னாளில் தாங்கள் தகட்டை மிதித்த ஊர்த்தலைவர் வீட்டு மனையையே விலைக்கு வாங்கினர். 1895-இல் அங்கே பெருங்கோயில் ஒன்றைக் கட்டத் தொடங்கி 1914-இல் முடித்தனர்.

1945 ஆகஸ்டு 9-ஆம் நாள் அணுகுண்டு வெடித்தது அக்கோயிலுக்கு ஏறத்தாழ அரைக் கிலோமீட்டர் தொலைவில். பங்கு மக்கள் 12,000 பேரில் சுமார் 8,500 பேர் மடிந்தனர். ஏன் இவர்களுக்கு இது என்று கேட்டால் என்னிடம் விடையில்லை. விடை சொல்ல முன்வருவோரிடம் எனக்கு நம்பிக்கையும் இல்லை. நான் அறிந்தது ஒன்றே. இடிபாட்டினின்று ஒரு மணியைத் தோண்டி எடுத்து, அவ்வாண்டுக் கிறிஸ்துமஸ் திருநாளுக்கு அதனை ஒலிக்கச் செய்தார்கள். அன்று என்ன நாள் என்பதை அப்போதும் அவர்கள் மறக்கவில்லை. 1959-இல் அவ்விடத்தில் மீண்டும் கோயில் எழுந்தது.

அன்பர்களே! பெரிய சோதனை வந்தால் தாங்கும் வலிமை நமக்கு உண்டா என்று நம்மில் பலர் கலங்குகிறோம். அவ்வலிமை அன்று திடீரென்று வானத்திலிருந்து இறங்குவதில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. இன்று வெள்ளிக்கிழமை என்று நினைவூட்டும் பாட்டியிடத்திலும், உறக்கம் கண்ணைச் சுழற்றும் பிள்ளைக்கு ஒரு மந்திரத்தைச் சொல்லிக் கொடுக்கும் தாயிடத்திலும் அது சிறுகச் சிறுகச் சேர்கிறது.

எங்கள் ஃபிட்டர் ஐயாவுக்குக் கண்பார்வை இப்போது குறைந்து வருகிறது. ஞாயிறு மாலைகளில் என்னோடு வாதிட்ட அந்த இளைஞரும் வேறு இருவரும் அவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, அடக்கச் சடங்கின் தமிழ் மந்திரங்களை அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார்கள்.