மூன்றாம் நாள் கை நடுங்கினால்...



குடும்பச் சுமையைத் தனியே தாங்க வேண்டி வந்தபின், உங்களில் பலர் முன்பு செய்திராத வேலைகளில் இறங்கியிருக்கிறீர்கள். மண்வெட்டி பிடிப்பது, விறகு சுமப்பது, சீமெந்துக் கல் ஏற்றி இறக்குவது என அவை பல. அந்த வேலைகளின் முதல் வாரத்தில் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதை எவரும் எமக்குச் சொல்லித் தருவதில்லை. இதனால் இயல்பான ஒன்றைக்கூட நோய் என்றோ, தலைவிதி என்றோ எண்ணிப் பயந்துவிடுகிறோம்.

நான் பணியாற்றும் பல்லேபொல, மாத்தளை மாவட்டத்தில் உள்ளது. இந்த மாவட்டம் மிளகுக்குப் பெயர் பெற்றது. மிளகுக்கொடி மரத்தில் படர்ந்து ஏறுவதால் ஏணி வைத்துத்தான் பறிக்க வேண்டும். 1977 கலவரத்தின் பின் மலையகத்திலிருந்து பல குடும்பங்கள் வன்னிக்குச் சென்று குடியேறின. அப்படியொரு குடும்பத்தில் பிறந்த சகோதரி ஒருவர், 2009 இல் கணவனை இழந்து, முகாம் வாழ்க்கையும் முடிந்தபின் இரண்டு பிள்ளைகளுடன் இங்குள்ள உறவினரிடம் வந்து சேர்ந்தார். தையலில் வந்த வருமானம் போதாமல் ஒரு பருவத்தில் மிளகு பறிக்கப் போனார்.

முதல் நாள் முழுவதும் ஏணியில் ஏறி இறங்கி, நிறைந்த சாக்குகளையும் இறக்கி வைத்தார். மறுநாள் படி இறங்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை, சோறு வடிக்கும்போது பானை கைநழுவியது. கொதிகஞ்சி தரையில் சிந்தியது. நல்லவேளையாகப் பிள்ளைகள் அருகில் இல்லை. "செல்லடியில் பயந்த உடம்பு, இனி ஒன்றுக்கும் ஆகாது" என்று வீட்டார் சொன்னார்கள். அவர் என்னிடம் வந்து, "மிஸ், எனக்கு நரம்புத் தளர்ச்சி வந்திட்டுதோ? வேலைக்கு வரவேண்டாமெண்டு சொல்லிப்போடுவினமோ?" என்று கேட்டு அழுதார்.

நான் படித்தது சமூகவியல், வைத்தியம் அல்ல. ஆனாலும் அவரது கேள்விக்காக வைத்தியர் ஒருவரிடம் கேட்டும், வாசித்தும் அறிந்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

எமது தசைகள் பாரத்தைத் தூக்கும்போது சுருங்கி வேலை செய்கின்றன. பாரத்தை மெல்ல இறக்கும்போதோ, சரிவில் இறங்கும்போதோ, இழுத்துப் பிடித்தபடியே நீள்கின்றன. இறங்குவது சுலபம் போலத் தோன்றும். ஆனால் தசையின் நுண்ணிய இழைகள் அதிகம் பாதிக்கப்படுவது இந்த வேலையில்தான். சிவனொளிபாத மலைக்குப் போய் வந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். 5,000 இற்கும் மேற்பட்ட படிகளில் ஏறும்போது மூச்சு வாங்கும். கால் நடுங்குவதோ இறங்கும்போது. அடுத்த இரண்டு மூன்று நாட்கள் வீட்டு வாசற்படியே மலையாகிவிடும்.

இந்த வலிக்குக் காரணம் தசையில் தேங்கும் அமிலம் என்று பலர் சொல்வார்கள். அது சரியல்ல. அந்த அமிலம் ஏறக்குறைய ஒரு மணி நேரத்தில் நீங்கிவிடும். பிந்தி வரும் வலி தசைக்குள் ஏற்படும் சிறு கிழிவுகளால் என்று அமெரிக்க ஆய்வாளர் தியோடர் ஹஃப் 1902 இலேயே எழுதினார்.

நாம் முக்கியமாக அறிய வேண்டியது வலியைப் பற்றி மட்டுமல்ல. வலி பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று நாட்களுக்குள் உச்சத்துக்கு வரும். பலமோ வேலை முடிந்த கையோடு, வலி தொடங்கு முன்பே குறைந்துவிடுகிறது. வலி போனபின்னும் அது முழுமையாகத் திரும்பச் சில வேளை ஒரு வாரமோ அதற்கு மேலோ ஆகும்.

இன்னொன்றும் நடக்கிறது. உடம்பின் கணக்குத் தவறுகிறது. 1997 இல் அவுஸ்திரேலியாவின் மோனாஷ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சிலரைக் கொண்டு ஒரு கையால் தூக்கும் வேலையையும் மறு கையால் இறக்கும் வேலையையும் செய்வித்தார்கள். பின்னர் இரு கைகளாலும் ஒரே அளவு பலத்தைக் கொடுக்கச் சொன்னபோது, இறக்கும் வேலை செய்த கை குறைவாகவே கொடுத்தது. கை எந்த நிலையில் மடிந்திருக்கிறது என்பதைக் கணிப்பதிலும் பிழை வந்தது. பானையை இறுகப் பிடித்திருக்கிறோம் என்று மனம் நம்புகிறது. கை அவ்வளவு இறுகப் பிடிக்கவில்லை. அந்தச் சகோதரிக்கு நடந்தது இதுதான் என்று வைத்தியரும் சொன்னார்.

ஆகவே புதிய வேலை தொடங்கிய முதல் நாட்களில் சில விடயங்களில் கவனமாயிருங்கள். கொதிக்கும் பாத்திரத்தைத் தனியே தூக்காதீர்கள். கூரிய கத்தி, கிணற்றுக்கட்டு, ஏணி, கைக்குழந்தையுடன் சரிவில் இறங்குதல் ஆகியவற்றில் நிதானம் தேவை. பனடோல் வலியைக் குறைக்கலாம். குறைந்த பலத்தைத் திருப்பித் தராது. சும்மா படுத்திருப்பதை விட மெல்ல நடமாடுவது இதமளிக்கும்.

நல்ல செய்தியும் உண்டு. ஒருமுறை இப்படிப் பாதிக்கப்பட்டு ஆறிய தசை, அதே வேலையை மீண்டும் செய்யும்போது மிகக் குறைவாகவே பாதிக்கப்படும். இந்தப் பாதுகாப்புப் பல வாரங்களுக்கு நிலைக்கும். எனவே முதல் நாள் கொஞ்ச நேரம், பிறகு சிறிது சிறிதாக என்று கூட்டுவதே சிறந்தது. தோட்டக்காரருடன் பேசி, அந்தச் சகோதரிக்கு முதல் வாரத்தில் அரைநாள் வேலையும், கீழே மிளகு உதிர்க்கும் வேலையும் ஒழுங்கு செய்தோம். அந்தப் பருவம் முடியும்வரை அவர் வேலை செய்தார்.

ஆனால் எல்லாவற்றையும் வேலைக் களைப்பு என்று விட்டுவிடவும் கூடாது. சிறுநீர் கறுத்த தேநீர் நிறத்தில் போனால் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். ஒரு பக்கம் மட்டும் பலமிழந்தாலோ, விறைத்தாலோ, செல் துண்டு உள்ள இடத்தில் வலி கூடினாலோ வைத்தியரிடம் காட்டுங்கள். வேலை செய்யாத நாளிலும் கை நடுங்கி, தூக்கமும் கெட்டு, பயக்கனவுகள் வந்தால் அது வேறு துன்பம். அதற்கும் உதவி உண்டு. கேட்பதற்குத் தயங்க வேண்டாம்.

புதிதாக வேலைக்கு வரும் பெண்ணைப் பார்த்து "இவளால் முடியாது" என்று சொல்வோர் இருப்பார்கள். அவளுக்கு ஒரு வாரம் அவகாசம் கொடுங்கள். உங்கள் மகளிர் சங்கத்தில் ஏற்கெனவே அந்த வேலை பழகியவர்கள், புதியவர்களின் பாரத்தை முதல் சில நாட்கள் பகிர்ந்துகொள்ளுங்கள்.